பஸ் புகை யாருடைய கணக்கு

கார்பன் என்ற வார்த்தை எங்கள் கம்பெனிக்குள் வந்த பிறகு முதலில் பறிபோனது எங்கள் பஸ்தான்.

இப்படிச் சொன்னதும் நான் புகைக்குப் பரிந்து பேசுகிறவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மாதனூர்ப் பக்கம் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவள் நான். எங்கள் அப்பாவின் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. தோல் பதனிட்ட கழிவெல்லாம் எத்தனையோ வருஷம் பாலாற்று மணலில் இறங்கி, எங்கள் ஊற்றுக்கண் வரை வந்து சேர்ந்ததன் பலன் அது. அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவளுக்குச் சுற்றுச்சூழல் என்றால் என்ன என்று திரையில் படம் போட்டுக் காட்ட வேண்டியதே இல்லை. நாடு முன்னேறட்டும், ஆனால் பழையபடி மண்ணையும் தண்ணீரையும் காற்றையும் பாழாக்கிக்கொண்டு முன்னேற வேண்டாம் என்று யாராவது சொன்னால் முதலில் கை தட்டுகிறவள் நான்தான். கம்பெனிக் கூரை முழுக்க சோலார் தகடு பதித்தபோது தட்டவும் தட்டினேன். வெயில் நேராகக் கூரையில் விழாததால் உள்ளே வெக்கைகூடக் கொஞ்சம் தணிந்திருந்தது.

ஆம்பூருக்குப் போகிற ஹைவேயில், மாதனூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது எங்கள் ஷூ கம்பெனி. பி.காம். முடித்த கையோடு அங்கே தையல் மிஷினில் உட்கார்ந்தேன். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற வேலை. பல வருஷம் தைத்த பிறகு, மற்றவர்கள் தைத்து வருவதைப் பார்த்து நல்லது கெட்டது பிரிக்கிற செக்கிங் டேபிளுக்கு மாற்றினார்கள். நின்றுகொண்டே பார்க்கிற வேலைதான், ஆனாலும் எங்களுக்குள் அது ஒரு மரியாதை.

எங்களைக் கொண்டுபோய்க் கொண்டுவர ஒரு பஸ் இருந்தது. மலைப்பக்கம் போகிற உள்ரோட்டில் கடைசி ஊரிலிருந்து கிளம்பி, ஊர் ஊராக ஹாரன் அடித்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு, மாதனூர் முனைக்கு வந்து ஹைவேயைப் பிடிக்கும். பாதிப் பேர் உட்கார்ந்திருப்போம், பாதிப் பேர் நிற்போம். சாயங்காலம் கம்பெனி கேட்டில் கீரைக் கட்டு விற்கிற அம்மாவிடம் ஆளுக்கொரு கட்டு வாங்கிக்கொண்டுதான் ஏறுவோம். பஸ்ஸிலேயே ஆய்ந்துவிடுவோம். வீட்டுக்குப் போனதும் கழுவிச் சட்டியில் போட வேண்டியதுதான் பாக்கி. இதற்கு எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. உட்கார்ந்திருப்பவள் தன் கீரையோடு நிற்பவளின் கீரையையும் ஆய்ந்து கொடுக்க வேண்டும். சட்டத்தை மீறினால் மறுநாள் சீட் கிடைக்காது. பஸ் ஓட்டுகிற பாய்க்கு மட்டும் இது பிடிக்காது.

"பஸ்ஸாமா இது, மார்க்கெட்டா? காம்பெல்லாம் யார் பெருக்கறது?" என்று தினமும் கத்துவார். கத்திவிட்டுத் தன் வீட்டுக்கு ஒரு கட்டு முருங்கைக்கீரையை எங்களிடமே கொடுத்து உருவச் சொல்வார்.

என் பக்கத்து சீட்டில் வருகிறவள் உள்ரோட்டின் கடைசி ஊர்க்காரி. என்னைவிடச் சின்னவள். கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் கூலிக்கு ஏர் ஓட்டப் போகிறான், வேலை இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மாமியார் கொஞ்சம் கறார். "பஸ் வாசல்ல வந்து ஏத்திக்குது, வாசல்ல இறக்கி வுடுது, அதனாலதான் அனுப்பறேன்" என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டாராம். அவளுக்கு வேலையும் பஸ்ஸும் வேறு வேறு இல்லை. இது எனக்குத் தெரியும், தையல் லைனில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதது மாடியில் ஏசி ரூமில் இருந்தவர்களுக்குத்தான்.

ஒருநாள் மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு எங்களை எல்லாம் ஹாலில் உட்கார வைத்தார் பணியாளர் விஷயங்களைப் பார்க்கிற மேடம். எங்கள் ஷூவை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி, அதாவது பையர், இனிமேல் புகையையும் கணக்குப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுப்பார்களாம். இந்தியாவே கார்பனைக் குறைத்துக்கொண்டு வளரப் போகிறது, நாமும் அதில் பங்கெடுக்கப் போகிறோம் என்று மேடம் நன்றாகத்தான் பேசினார். பாய்லர், ஜெனரேட்டர், பஸ் என்று படத்தில் ஒவ்வொன்றாகக் காட்டினார். கடைசியில் சும்மா விசாரிப்பதுபோலக் கேட்டார்.

"யார் யார் வீட்ல பைக் இருக்கு? கை தூக்குங்க பார்ப்போம்."

தூக்கினோமே கை! எங்கள் பக்கத்தில் வீட்டில் பைக் இல்லை என்று நாலு பேர் நடுவில் சொல்வதைவிடப் பட்டினி கிடந்தேன் என்று சொல்லிவிடலாம். பெண் பார்க்க வருகிறவர்களே மாப்பிள்ளை பெருமையை பைக்கில் இருந்துதான் ஆரம்பிப்பார்கள். புருஷன் வண்டி, அண்ணன் வண்டி, தவணை முடியாத வண்டி, மழையில் நனைந்து ஓடாமல் கிடக்கிற வண்டி, எல்லா வண்டிக்கும் சேர்த்து கை ஏறியது. நானும் தூக்கினேன். பக்கத்தில் பார்த்தால் என் சீட்டுக்காரியும் தூக்கியிருக்கிறாள். அவள் வீட்டில் இருப்பது காற்று இறங்கிய ஒரு சைக்கிள்.

"ஏண்டி, நீ எதுக்குடி தூக்கற?" என்று முழங்கையால் இடித்தேன்.

"எல்லாரும் தூக்கறாங்கக்கா. நான் மட்டும் இல்லன்னா கேவலமா இருக்காது?"

மேடம் எங்கள் கைகளைப் பார்த்துச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். இதற்கு நாங்கள் வெட்கப்படப் போவதில்லை. கேட்ட கேள்வி, வீட்டில் பைக் இருக்கிறதா என்பதுதான். அதை எடுத்துக்கொண்டு நீ வேலைக்கு வர முடியுமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அடுத்த வாரமே போர்டில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். பணியாளர்கள் பெரும்பாலோர் வீட்டில் சொந்த வாகனம் இருப்பதாகத் தெரியவருவதால், கார்பனைக் குறைக்கும் முயற்சியாக பஸ் வசதி நிறுத்தப்படுகிறதாம். படித்ததும் நேராக மாடிக்குப் போனேன்.

"மேடம், பைக் இருக்குது. ஆனா அதுல எங்க வீட்டுக்காரரு வேலைக்குப் போறாரு. அவரு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எப்படி வர்றது?"

"எல்லாரும் எப்படியாவது வந்துடுவீங்க. ரெண்டு நாள் கஷ்டமா இருக்கும், அப்புறம் பழகிடும்."

"ஒரு பஸ்ல இவ்ளோ பேர் வர்றோம். தனித்தனி பைக்ல வந்தா புகை ஜாஸ்தியாவாதா மேடம்?"

"ஆகும். ஆனா பஸ் புகை நம்ம கம்பெனி கணக்குல வருது. பைக் புகை நம்ம கணக்குல வராது."

"அப்ப அது யார் கணக்கு?"

மேடம் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி எதையோ டைப் அடிக்க ஆரம்பித்தார். நான் இறங்கி வந்துவிட்டேன்.

அன்றைக்கு முழுக்க என் டேபிளுக்கு வந்த ஒவ்வொரு ஷூவையும் பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருந்தது. இதை மாட்டிக்கொண்டு நடக்கப் போகிறவர்கள் எங்கோ குளிர் நாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் ஊர் காற்று சுத்தமாக இருக்கும், ஏனென்றால் இந்த ஷூவைச் செய்த புகை எங்கள் நாட்டுப் பெயரில் இருக்கும். புகையைக் குறை என்று அவர்கள் கம்பெனியிடம் சொல்வார்கள். கம்பெனி அதைக் குறைக்காமல் எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகும். வாழ்நாளில் விமானத்தில் கால் வைக்காதவர்கள், ஒரு ஃபேனுக்குக் கீழே வீடே படுத்துத் தூங்குகிறவர்கள், ஒரே பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு வருகிறவர்கள் நாங்கள். எங்களைவிடக் கம்மியாகப் புகை விடுகிறவர்களைக் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம். எங்கள் தலையில் மிளகாய் அரைத்துவிட்டு அதற்குப் பச்சை வளர்ச்சி என்று பெயர் வைத்தால் நான் ஒத்துக்கொள்ள முடியாது. அன்றும் முடியாது, இன்றும் முடியாது.

பஸ் நின்ற பிறகு நடந்ததை யார் வேண்டுமானாலும் கேட்டில் நின்று பார்த்திருக்கலாம். ஷேர் ஆட்டோக்கள் கரும்புகை கக்கிக்கொண்டு வந்தன. அண்ணன்மார்களும் புருஷன்மார்களும் பெண்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுத் திரும்பிப் போய், சாயங்காலம் மறுபடி வந்து போனார்கள். வந்த வண்டிகளை நிறுத்த இடம் போதவில்லை என்று கேட்டுக்கு உள்ளே இருந்த புங்க மரங்களை வெட்டிவிட்டு ஷெட் போட்டார்கள். அந்த நிழலில்தான் நாங்கள் மதியம் சாப்பிடுவோம். மரம் விழுந்த அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஷெட்டின் மேல் 'பசுமைத் தொழிற்சாலை' என்று போர்டு மாட்டியபோது எங்கள் லைனில் ஒருத்தி சிரித்த சிரிப்பில் சூப்பர்வைசரே திரும்பிப் பார்த்தார்.

என் வீட்டுக்காரர் அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்பி என்னை விட்டுப் போக ஒத்துக்கொண்டார். முணுமுணுத்துக்கொண்டேதான். என் சீட்டுக்காரிக்கு அதுவும் இல்லை. விடியுமுன் கிளம்பி உள்ரோடு முழுக்க நடந்து, முனையில் ஆட்டோ பிடித்து வந்தாள். சில நாள் ஆட்டோ கிடைக்காமல் லேட்டானது. கொழுந்தன் ஒரு வாரம் யாருடைய வண்டியிலோ கொண்டுவந்து விட்டான், பிறகு கையை விரித்துவிட்டான். ஒருநாள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவள் மிஷின் மேல் துணி போட்டு மூடிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போனேன். மாமியார் என்னைத் திட்டுவார் என்று தயாராகத்தான் போனேன். அவரோ ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

"இருட்டுல நடந்து போயி எதுனா ஆனா யார் பதில் சொல்றது? எனக்கு இன்னா அவ சம்பாதிக்கறது கசக்குதா? பஸ் வரட்டும். நானே டிபன் கட்டிக் குடுத்து அனுப்பறேன்" என்றார்.

அவள் என்னோடு தெருமுனை வரை வந்தாள். "என் மிஷின்ல வேற ஆளைப் போட்டுட்டாங்களாக்கா?" என்று மட்டும் கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். இன்னும் என்ற அந்த வார்த்தை எங்கள் இரண்டு பேருக்குமே சுட்டது. இந்த மாசம் முடிவதற்குள் வராவிட்டால் அவள் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று எனக்கு ஏற்கெனவே காதில் விழுந்திருந்தது. அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் பையர் வருகிறார்கள் என்றார்கள். புகையைக் குறைத்ததற்காகப் பாராட்டப் போகிறார்களாம். காலையில் எல்லோரும் வேலைக்குள் நுழைவதிலிருந்தே பார்க்க ஆசைப்படுகிறார்களாம். கேட்டில் கோலம், கையில் ரோஜாப்பூ, சிரித்த முகம், எல்லாம் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். வெட்டிய மரங்களின் இடத்தில், சுட்டெரிக்கிற ஷெட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே நாங்கள் வேறொன்றைப் பேசினோம். யோசனையைச் சொன்னது நான்தான்.

"பைக் இருக்குதுன்னு கை தூக்கினோமா இல்லையா? அவங்களுக்கு ஒரு தபா காட்டிடலாம்."

அவ்வளவுதான் திட்டம். அந்த ஒரு நாள் யாரும் ஆட்டோவில் வரக் கூடாது. ஒரு வண்டியில் இரண்டு பெண்கள் வரக் கூடாது. ஒவ்வொருத்தியும் அவரவர் வீட்டு வண்டியில், வீட்டு ஆம்பளை ஓட்ட, மணி அடிக்கிற நேரத்துக்குச் சரியாக வந்து இறங்க வேண்டும். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "எனக்கு லேட்டாவும்டி" என்றவர், விஷயத்தை முழுக்கக் கேட்டதும் தன் தோஸ்துகள் நாலு பேருக்கு அவரே போன் போட்டார். ஓடாமல் கிடந்த வண்டிகளைக்கூட சிலர் ரிப்பேர் பார்த்திருந்தார்கள்.

அன்று காலை எங்கள் கேட் முன்னால் நின்ற வண்டிகளைப் பார்த்து நானே மிரண்டு போனேன். ரோடு அடைத்துக்கொண்டது. யாரும் வேண்டுமென்று மறிக்கவில்லை, வேலைக்குத்தான் வந்திருந்தோம். நகர இடமில்லாமல் அத்தனை எஞ்சினும் உறுமிக்கொண்டு நின்றன. புகையில் கோலம் தெரியவில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டதைத்தான் அன்றைக்கு ஒரே நேரத்தில் விட்டோம்.

பையரின் கார்கள் நடுவில் மாட்டிக்கொண்டன. பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு வெள்ளைக்கார அம்மா இறங்கிவிட்டார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, என்ன இது என்று கையை ஆட்டிக் கேட்டார். ஓடிவந்த எங்கள் மேனேஜர் சாருக்கு வேர்த்து ஊற்றியது. "ஃபெஸ்டிவல், மேடம், லோக்கல் ஃபெஸ்டிவல்" என்றார்.

என்ன பண்டிகை? எங்கள் பெண்கள் பிழைப்பு போன பண்டிகையா? எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வண்டியை விட்டு இறங்கி அந்த அம்மாவின் எதிரில் போய் நின்றேன்.

"நோ ஃபெஸ்டிவல், மேடம். நோ பஸ்," என்றேன். "பஸ் ஸ்டாப்டு. கார்பன், கார்பன் சொல்லி பஸ் ஸ்டாப்டு."

அதற்கு மேல் எனக்கு இங்கிலீஷ் ஓடவில்லை. அவர் என்னைப் பார்த்தார், வண்டிகளைப் பார்த்தார், புது ஷெட்டைப் பார்த்தார், பிறகு மேனேஜர் பக்கம் திரும்பிச் சின்னதாக ஏதோ கேட்டார். அவர் என்ன கேட்டார், இவர் என்ன சொன்னார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த அம்மாவை நான் தெய்வமாக்கப் போவதுமில்லை. அவருக்கு அவர் கம்பெனி பேர் கெடக் கூடாது.

சாயங்காலம் மேனேஜர் ரூமில் விசாரணை.

"யார் பிளான்மா இது?"

"நான்தான் சார். பைக் இருக்குதான்னு மேடம் கேட்டாங்க. இருக்குதுன்னு சொன்னோம். எடுத்துட்டு வந்தோம். இதுல இன்னா சார் தப்பு?"

மறுநாள் செக்கிங் டேபிளில் வேறொருத்தி நின்றாள். என்னைத் திரும்ப மிஷினுக்கு அனுப்பிவிட்டார்கள், அதுவும் துணி போட்டு மூடி வைத்திருந்த அந்த மிஷினுக்கே. என்னை இறக்கிவிட்டதாக அவர்களுக்கு நினைப்பு. தையல் எனக்கென்ன புதுசா? "இந்த இடத்து ஆளு வர்ற வரைக்கும்தான் உக்காருவேன், வந்ததும் எழுந்துப்பேன்" என்று சூப்பர்வைசரிடம் சத்தமாகவே சொன்னேன். மனசுக்குள் வலிக்காமல் இல்லை. அதை அவர்கள் முன்னால் காட்டுவதாக இல்லை.

ஒரு வாரம் கழித்து பஸ் வந்தது. அதே பஸ், அதே பாய். ஆனால் பக்கவாட்டில் பெரிய பெரிய இலையாகப் பச்சை பெயின்ட். 'ஒன்றாகப் பயணிப்போம், புகையைக் குறைப்போம்' என்று எழுதியிருந்தது. நேற்றுவரை புகைக்குக் காரணமாக இருந்த பஸ் இன்று புகைக்கு மருந்தாகிவிட்டது. இதைக் கண்டுபிடித்ததே மேடம்தான் என்பதுபோலக் கம்பெனியில் பேச்சு. போகட்டும், பேரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இருந்தேன். பிறகுதான் பாய் அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"உள்ரோட்டுக்குப் போக வேணாம்னுட்டாங்கமா. டீசல் ஜாஸ்தியாவுதாம். மாதனூர் முனையிலருந்துதான் எடுக்கணுமாம்."

மாதனூர் முனை என் வீட்டிலிருந்து ஐந்து நிமிஷ நடை. எனக்கு பஸ் வந்துவிட்டது. என் சீட்டுக்காரிக்கு வரவில்லை. மாசமும் முடியப் போகிறது.

பஸ் எடுக்கிற முதல் நாள் காலை முனையில் மேடமே வந்து நின்றார், கூட ஒரு போட்டோகிராபரோடு. பையருக்கு அனுப்ப வேண்டுமாம். பஸ்ஸுக்கு முன்னால் எங்களை வரிசையாக நிற்க வைத்தார். பச்சை இலை மறையாமல் நிற்கச் சொன்னார். என்னை நடுவில் நிறுத்தினார், அந்தப் பையர் அம்மாவுக்கு என் முகம் ஞாபகம் இருக்கும் என்று நினைத்திருப்பார். சிரிக்கச் சொன்னார். நாங்கள் நின்றோம். போட்டோகிராபர் எடுத்து முடித்தார்.

"போதும்மா, ஏறுங்க, டைமாச்சு."

நான் நகரவில்லை. என் இரண்டு பக்கமும் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள், அவர்களும் நகரவில்லை. முன்கூட்டிப் பேசி வைத்ததல்ல இது. பஸ்ஸுக்கு முன்னால் நாங்கள் வரிசையாக நின்ற இடத்திலேயே நின்றோம்.

"இன்னும் என்ன?" என்றார் மேடம்.

"உள்ரோட்டுக்குப் போய்ட்டு வரட்டும் மேடம். அங்க ஆளு இருக்குது."

"நாளைக்குப் பேசிக்கலாம். இப்ப லைன் நின்னுடும்."

"நிக்கட்டும் மேடம். நாங்களும் இங்கதான நிக்கறோம்."

"உங்களுக்குத்தான் பஸ் வந்துடுச்சே, உங்களுக்கு என்ன பிரச்சினை?"

இந்தக் கேள்விக்கு நான் வாய் திறக்குமுன், என் பின்னாலிருந்து வேறொருத்தி பதில் சொன்னாள். "எங்க எல்லாருக்கும் வரல மேடம்."

மேடம் போனை எடுத்துத் தள்ளிப் போய்ப் பேசினார். லாரிகள் போகிற காற்றில் முந்தானை பறந்தது. ஹைவேயில் போகிறவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு உள்ளுக்குள் இந்த வேலையும் போனால் வீட்டில் என்ன சொல்வது என்று ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் கால் பெயரவில்லை. போனை வைத்துவிட்டு வந்த மேடம் எங்களைப் பார்க்கவே இல்லை. பாயைப் பார்த்து, "போய்ட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

பஸ் காலியாக உள்ரோட்டில் திரும்பியது. எங்களில் ஒருத்தியும் ஏறவில்லை. வெயில் ஏறுகிறவரை ரோட்டோரமாகவே நின்றோம். திரும்பி வந்தபோது, ஹாரன் கேட்டு ஓடிவந்த உள்ரோட்டுப் பெண்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். என் சீட்டுக்காரி படியில் நின்றுகொண்டு வந்தாள். தலைகூட வாரவில்லை. கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்து எங்களைப் பார்த்து நீட்டினாள். முதலில் நான் பிடித்துக்கொண்டு ஏறினேன், எனக்குப் பின்னால் மற்றவர்கள் ஏறினார்கள்.